இடது பின் கதவில் ஏழு அம்பு

விஜயகுமாரியிடம் போய் "பரவால்ல, கண்டுக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஆம்பூரில் நிறையப் பேர். ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகச் செக்கர் வேலை செய்கிற பெண்பிள்ளை. லைனில் தைத்து, ஒட்டி, பாலீஷ் ஏறி வருகிற ஷூ கடைசியாக வந்து நிற்பது அவள் மேஜையில்தான். இடதையும் வலதையும் ஒட்டி வைப்பாள். கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு என்றால் பெட்டிக்குப் போகும். இல்லாவிட்டால் "ஜோடி சேரலை" என்பாள், அவ்வளவுதான் பேச்சு. குறை இருக்கிற இடத்தைக் காட்டி நகம் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். "கப்பலுக்கு நேரமாச்சும்மா, விடும்மா" என்று மேனேஜரே வந்து கெஞ்சினாலும், "கப்பல் போவும் சார், சரக்கு திரும்பி வரும், பரவால்லயா?" என்று கேட்பாள். மனுஷன் வந்த வழியே போய்விடுவார்.

அவள் மேஜை வடக்குப் பக்கத்து ஜன்னலோரம். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறத்தைப் பாஸ் பண்ணக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. டியூப்லைட்டில் எல்லா ஜோடியும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால்தான் எவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு விஜயகுமாரி முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடமே இதுதான்.

சரிசெய்யவே முடியாது என்று ஆன ஷூவுக்கு வேறு கதி. உள்பக்கம் 'ஆர்' என்று முத்திரை குத்துவார்கள். ரிஜெக்ட். குத்திவிட்டால் அது நல்ல சரக்கோடு கலக்க முடியாது. பஜாரில் கூறு கட்டி விற்கிற கடைக்குப் போய்விடும். அந்தக் கடைச் செருப்பையும் ஷூவையும் போட்டுத்தான் விஜயகுமாரி வளர்ந்தாள். விரிஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம் போகும்போது வகுப்பு வாசலில் ஷூவைக் கழற்றினால், அந்த 'ஆர்' தெரியாதபடி குப்புறக் கவிழ்த்து வைப்பாள். தெரிந்தால் பிள்ளைகள் சும்மா விடுமா? "ரிஜெக்ட் வர்றா, ரிஜெக்ட் வர்றா" என்று கேலி. ஷூ மட்டுமில்லை. பாவாடை அக்கா போட்டது. புத்தகம் பக்கத்து வீட்டுப் பையன் படித்தது. கல்யாணமாகி மாதனூருக்கு வந்தால் பீரோ நாத்தனார் கழித்துப் போட்டது. மொபெட் மூன்று கை மாறியது. நாற்பத்து நான்கு வயசு வரைக்கும் அவள் கைக்கு வந்த எந்தப் பொருளும் அவளுக்கென்று பிறந்ததில்லை.

அதனால்தான் அந்தக் கார். புதுக் கார். "நமக்கு எதுக்கு குமாரி காரு? செகண்ட்ஸ்ல ஒண்ணு பார்த்தா கம்மியா வருமே" என்றார் புருஷன் ராமலிங்கம். தோல் பதனிடுகிற டேனரியில், தோல் போட்டுச் சுற்றும் டிரம்மைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. பொறுமையான மனுஷன், சண்டை என்றால் தூரப்போய் நின்று தலை சொறிவார்.

"செகண்ட்ஸ்ன்ற பேச்சே வாணாம். ஒரே ஒரு பொருள், ஒருத்தர் கையும் படாத பொருள், எனக்கு வேணும். உங்களுக்கு வேணாம்னா நீங்க பஸ்ல வாங்க."

இரண்டு வருஷம் சேர்த்தாள். அந்த இரண்டு வருஷத்திலேயே வேலூருக்குப் போய் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி கொடுப்பதாகச் சொன்னார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஹைவே மேலிருந்த அந்த ஷோரூமில் தடபுடல்தான். கூரை முழுக்க லைட்டு. நடுவில் சிவப்பு சாட்டின் துணி போர்த்திய வண்டி. பெரிய டிவியில் 'வாழ்த்துகள் திருமதி விஜயகுமாரி' என்று ஓடியது. ரேஷன் கார்டைத் தவிர அவள் பேர் வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. துணியை இழுக்கச் சொன்னார்கள், இழுத்தாள். உள்ளே மினுமினுவென்று பழுப்பு நிறத்தில், இப்போதுதான் பாலீஷ் ஏறிய ஷூ மாதிரி, அவள் கார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் பானெட்டில் மஞ்சள் குங்குமம், கேக்கு, போட்டோ. மேனேஜர் சூரியபிரகாஷ், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர், கோட்டு போட்டுக்கொண்டு கூட நின்று சிரித்தார். யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். முப்பது வரி, முப்பதிலும் முன்கூட்டியே டிக் அடித்திருந்தது. 'வண்டியை முழுமையாகப் பார்த்தேன், குறை ஏதுமில்லை.' கண் கலங்கியபடியே கையெழுத்துப் போட்டாள்.

அட, போட்டே விட்டாள்! இருபத்தாறு வருஷமாக ஊரார் ஷூவையெல்லாம் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவள், தன் காரை லைட் வெளிச்சத்தில் பாஸ் பண்ணிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த காரை அவள் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். கூட வந்த கையேட்டை மூன்று ராத்திரியில் படித்து முடித்தாள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வண்டியை விரட்டக் கூடாது என்று அதில் இருந்தது. ஹைவேயில் லாரிகூட அவளைத் தாண்டிக்கொண்டு போகும், அவள் பாட்டுக்கு இடது ஓரமாகப் போவாள். டயருக்குக் காற்றை வண்டி சூடாவதற்கு முன் விடியற்காலையில்தான் பிடிப்பாள். சீட்டின் மேல் இருந்த பாலித்தீனை முதல் நாளே கிழித்துப் போட்டாள். "புதுசு மாதிரி தெரிய வாணாமா? ஒரு வருசமாச்சும் இருக்கட்டும்" என்று ராமலிங்கம் அங்கலாய்த்தார். "பாலித்தீன் மூடினா உள்ள வேர்த்து பூஞ்சை புடிக்கும். தோல் கம்பெனியில சம்பளம் வாங்கற ஆளு கேக்கற கேள்வியா இது?" என்றாள்.

கழுவுவதுதான் பெரிய கூத்து. அவர்கள் தெரு போர் தண்ணீர் ஒரே உப்பு. குவளையில் பிடித்து வைத்தால் மறுநாள் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதில் காரைக் கழுவினால் பெயின்ட் என்ன ஆகும்? குடிக்கிற கேன் தண்ணீரில் ஒன்றை வாரா வாரம் காருக்கென்று ஒதுக்கினாள். அந்த ஒரு கேன் தண்ணீர், இரண்டு வாளி, ஷூ துடைக்கிற மல் துணி. தெருவே சிரித்தது. "விஜயகுமாரி வூட்டு காரு மினரல் வாட்டர்தான் குடிக்குதாம், சாயங்காலம் பஜ்ஜி கேக்குமா?" என்றார்கள். "கேட்டா உங்க வூட்லதான் வந்து நிக்கும், சுட்டு வையுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துடைத்தாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி. கிழக்கு வெயில் வண்டியின் இடது பக்கம் சாய்வாக விழுந்தது. முன் கதவைத் துடைத்துவிட்டுப் பின் கதவுக்கு வந்தவள், கையை நிறுத்தினாள். கட்டைவிரல் சொல்லிவிட்டது. முன் கதவு வெண்ணெய். பின் கதவு கமலாப்பழத் தோல். அவள் துணியைக் கீழே போட்டாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பின் கதவு ஒரு மயிரிழை மஞ்சளித்திருந்தது. சுற்றிப் போய் வலது பின் கதவைப் பார்த்தாள். மறுபடி இடது. மறுபடி வலது.

"ஜோடி சேரலை" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

குனிந்து கண்ணாடி ஓரத்துக் கருப்பு ரப்பரை நகத்தால் தூக்கினாள். ரப்பரின் விளிம்பில் நூல் அளவுக்குப் பழுப்பு பெயின்ட். ஷூவில் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால், மறைப்பு தப்பின இடத்தில் இதே மாதிரிதான் ஒரு கோடு விழும். கம்பெனியில் பெயின்ட் அடித்துவிட்டு அப்புறம்தானே ரப்பரை மாட்டுவான்? ரப்பர் மேல் பெயின்ட் எப்படி வரும்? கதவு எங்கேயோ அடிபட்டிருக்கிறது. தட்டி, பூசி, பெயின்ட் அடித்து, சாட்டின் துணி போர்த்தி, அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை, பக்கத்து மேஜை ஜஹீதாவிடம் மட்டும் சொன்னாள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்த தோழிகள். ஜஹீதா முதலில் கேட்டது, "எந்நேரம்டி டெலிவரி எடுத்தே?"

"சாயங்காலம். ஷோரூம் உள்ள."

"லைட்லயா?" ஜஹீதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்குத்தான்டி உபதேசம். எங்கள வறுத்து எடுப்பியே! கையெழுத்து வேற போட்டியா?" விஜயகுமாரி தலையாட்டினாள். ஜஹீதாவின் குரல் இறங்கியது. "சரி, விடு. தப்பு நடந்து போச்சு. திருப்பி அனுப்பற சரக்குக்கு நாம இன்னா பண்ணுவோம்? அத பண்ணு."

அன்று மாலை விஜயகுமாரி பஜாரில் அம்பு ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கினாள். கம்பெனி மேஜையிலேயே கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. அதை அவள் தொடவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் முதல் இலவச சர்வீஸ். சரியான தேதியில் போய் நின்றாள். ஒரு நாள் தள்ளிப் போனாலும் அதையே சாக்கு வைத்து வாரண்டி இல்லை என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வரவேற்பில் இருந்த பையன் எழுதிக்கொண்டே வந்தான். ஆயில் பார்க்கணும், போல்ட் முறுக்கணும், வாட்டர் வாஷ்.

"வாட்டர் வாஷ் வாணாம். அதுக்கு பதிலா எழுதிக்கோ. இடது பின் கதவு ரீபெயின்ட்."

பையன் பேனாவை வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டான். சூரியபிரகாஷ் கோட்டோடு வந்தார், கதவை இரண்டு விநாடி பார்த்தார், சிரித்தார். "மேடம், இது உங்க ஏரியா தண்ணி. உப்புத் தண்ணியில கழுவினா கலர் மாறத்தான் செய்யும்."

"கேன் தண்ணியில கழுவறேன். தெருவையே கேட்டுப் பாருங்க. உப்பு ஒரு கதவை மட்டுமா தேடிப் போயி பிடிக்கும்?"

"பூஜை போட்டீங்கல்ல, மஞ்சள் கறை..."

"பூஜை உங்க ஷோரூம்ல உங்க ஆளு போட்டது. பானெட்டுல வெச்ச குங்குமம் பின் கதவுக்கு நடந்து போச்சா சார்?"

பையன் சிரிப்பை அடக்கினான். மேனேஜருக்குச் சிரிப்பு போய்விட்டது. உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார். "இது யார் கையெழுத்து மேடம்? குறை ஏதுமில்லைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? பார்த்துதானே வாங்குனீங்க?"

அந்த ஒரு கேள்விதான் அவளைக் குத்தியது. முகம் சிவந்துவிட்டது. தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"ஆமா. என் கையெழுத்துதான். பார்க்காம போட்டேன், அது என் தப்பு, ஒத்துக்கறேன். பெயின்ட் அடிச்சது யார் தப்பு? நீங்க ஒத்துக்குங்க."

"அப்படி எதுவும் நடக்கல மேடம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்பார்களே, அது இதுதான். விஜயகுமாரி கைப்பையைத் திறந்தாள். அம்புச் சுருளை எடுத்தாள். நிறம் மாறின இடத்தில் இரண்டு. பெயின்டுக்குள் தூசி மாட்டியிருந்த இடத்தில் மூன்று. ரப்பர் ஓரத்தில் ஒன்று. பூச்சு மேடு தட்டின இடத்தில் ஒன்று. ஏழு சிவப்பு அம்பு. அங்கே நின்ற மெக்கானிக் பையன்கள் செல்போனில் போட்டோ எடுத்துச் சிரித்தார்கள். "இன்னா மேடம், திருஷ்டிக்கா?" என்றான் ஒருவன். எல்லோரும் வெளியூர்க்காரர்கள், பாவம். உள்ளே வந்து காபி சாப்பிடச் சொன்னார் மேனேஜர். அவள் ஒர்க்ஷாப் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சர்வீஸ் முடிகிற வரைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அம்பு ஒன்றுகூட உதிராமல் வண்டியை எடுத்துப் போனாள்.

அன்றைக்கு ராமலிங்கம் ரொம்ப நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வுடு குமாரி. வண்டி நல்லாத்தானே ஓடுது. இத்துக்காக எதுக்கு பேஜாரு? பெரிய எடம், நாம மோத முடியுமா?"

"ஓடுதுதான். என் மொபெட்டும் ஓடுச்சு. நாத்தனார் பீரோவும் பூட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சு எல்லாமே ஓடுச்சுங்க, ஒண்ணுகூட எனக்குன்னு வரல." அவள் குரல் உடைந்தது. "செகண்ட்ஸ்னு சொல்லிக் குடுத்தா செகண்ட்ஸா வாங்கிப்பேன். எத்தினி வாங்கியிருக்கேன். ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லி எந்தலையில கட்டறான் பாருங்க, இவளுக்கு இன்னா தெரியும்னு நெனச்சான் பாருங்க, அத எப்படி வுடச் சொல்றீங்க? மத்தது எதுல வேணா நெனைக்கட்டும். இதுல நெனைக்கலாமா? எங்கிட்டயா?"

ராமலிங்கம் தலையைச் சொறிந்தார். அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து அவள் கிளம்பும்போது, ஒரு மடக்கு நாற்காலியைத் துடைத்து வண்டியின் பின்னால் வைத்தார்.

ஷோரூமுக்கு எதிரே, சர்வீஸ் ரோட்டு ஓரம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம். இடது பக்கம் ஷோரூமைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினாள். நாற்காலியைப் போட்டாள். டப்பாவைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டாள். கோஷம் இல்லை, போர்டு இல்லை. செக்யூரிட்டி வந்து "இன்னாம்மா இங்க?" என்றார். "ரோட்ல உக்காந்திருக்கேன். வெயில் நல்லா இருக்கு" என்றாள். அந்தச் சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று யாருக்கோ அவளைக் காட்டிச் சிரித்தது மட்டும் தெரிந்தது.

மூன்றாம் சனி முகூர்த்த நாள். ஐந்து வண்டி டெலிவரி. ஐந்து சாட்டின் துணி. குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் இந்தப் பக்கத்து ஜனங்கள். தைக்கிறவர்கள், தோல் வாங்கி விற்கிறவர்கள், டேனரிக்காரர்கள். ரோட்டோரம் நிற்கிற காரைத் திரும்பிப் பார்க்காமல் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. போனவர்கள் கூடிக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து வந்த மேனேஜருக்கு அது ஏதோ ஸ்டிக்கர். ஆம்பூர்க்காரனுக்குச் சிவப்பு அம்பு என்றால் என்ன என்று தெரியாமல் போகுமா? எத்தனை பேர் ஒரு நாள் கூலியை அந்த அம்பு தின்றிருக்கிறது!

மக்பூல் அகமது அப்போதுதான் வந்தார். நாற்பது வருஷமாகத் தோல் வியாபாரம். வெள்ளை ஜிப்பா, தொப்பி. வெள்ளை நிறத்தில் பெரிய வண்டி எடுக்க வந்தவர், உள்ளே போகாமல் நேராக ரோட்டைக் கடந்து விஜயகுமாரியின் கதவுக்கு வந்தார். அவளைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் ஒரு தடவு. ஒவ்வொரு அம்பாகப் படித்தார். ரப்பரைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓவர் ஸ்ப்ரே" என்றார். "யாரும்மா செக்கர்?"

"நான்தான் பாய்."

"அம்பு சரியா வெச்சிருக்கே. எத்தினி நாள் வண்டி?"

"ரெண்டு மாசம்கூட ஆகல. புதுசுன்னுதான் குடுத்தாங்க. லைட்டுல பார்த்து வாங்கிட்டேன்."

அவர் ரப்பரைப் பழையபடி அழுத்திவிட்டார். பிறகு ஷோரூம் வாசலுக்கு நடந்து போய், நல்ல உரத்த குரலில் சொன்னார். "தம்பி, என் வண்டிய வெளிய எடு. வெயில்ல நிறுத்து. பார்த்துட்டு கையெழுத்து போடறேன்."

சூரியபிரகாஷ் ஓடி வந்தார். "சார், உள்ளதான் டெலிவரி. எல்லாம் ரெடி. ஒண்ணரைக்கு மேல எமகண்டம் வந்துடும் சார்."

"எனக்கு எதுக்குப்பா எமகண்டம்?" என்றார் மக்பூல் அகமது. கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்திலிருந்து இன்னொருத்தர், "எங்க வண்டியையும் வெளிய எடுங்க" என்றார். அப்புறம் மற்றவர்கள். நல்ல நேரம் பார்த்து வந்த குடும்பங்களே, நேரம் போனால் போகிறது என்று வெயிலில் வந்து நின்றார்கள். ஐந்து வண்டியும் சாட்டின் துணியை உரித்துப்போட்டு வரிசையாக வெளியே வந்தன. "அக்கா, இத கொஞ்சம் பாருக்கா" என்று ஒரு பெண் விஜயகுமாரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் நினைத்திருந்தால் ஐந்து வண்டிக்கும் அம்பு ஒட்டி அந்தக் கடையை நாறடித்திருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "இது நல்லா இருக்கு. இதுவும் நல்ல வண்டி. பாய், உங்களுது சுத்தம், எடுத்துக்கோங்க." நாலாவது வண்டியில் மட்டும் பின் விளக்கு ஓரம் ஒரு கீறல், அதற்கு ஒரு அம்பு. ஐந்தாவதையும் பாஸ் பண்ணினாள். அவள் நல்லது என்று சொல்லச் சொல்லத்தான் மேனேஜர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நாலை நல்லது என்றவள் ஒன்றைக் கெட்டது என்றால், அதை இனி யார் நம்பமாட்டார்கள்?

செவ்வாய்க்கிழமை, விஷயம் காதுக்கு எட்டிக் கார் கம்பெனியிலிருந்தே ஒரு பெரிய அதிகாரி வந்தார், கையில் பெயின்ட் தடிமன் அளக்கிற மீட்டரோடு. விஜயகுமாரி காரின் முன் கதவில் வைத்தார், நூற்றுப் பதினைந்து. வலது பின் கதவு, நூற்றுப் பன்னிரண்டு. இடது பின் கதவில் வைத்தார், இருநூற்று எண்பது. மீட்டரை சூரியபிரகாஷ் பக்கம் திருப்பிக் காட்டினார். வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்தது, சொல்லாமல் சரிபண்ணிவிட்டோம் என்று அப்போதுதான் மேனேஜர் வாயிலிருந்து வந்தது. கம்பெனிக்காரர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதே நிறத்தில் வேறு புது வண்டி தருவதாக அதில் இருந்தது.

அந்த வண்டி வந்த அன்றைக்கு விஜயகுமாரி லீவு போட்டாள். காலை பதினோரு மணி. துணி, கேக்கு ஒன்றும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நடு வெயிலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, முக்கால் மணி நேரம் பார்த்தாள். இடது கதவு, வலது கதவு. மறுபடி இடது. ராமலிங்கம் அவளுக்குக் குடை பிடித்தார். "நெழல் விழுது, தூரப் போங்க" என்று விரட்டினாள். எல்லாம் முடிந்ததும் தாளை வாங்கினாள். முன்கூட்டியே அடித்திருந்த முப்பது டிக்கையும் ஒன்று விடாமல் கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினாள். 'பகல் 11.50. வெயிலில் பார்த்தேன். ஜோடி சேருகிறது.' கீழே கையெழுத்து.

பழைய வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற தாளில்தான் இன்னும் கையெழுத்து பாக்கி. வரவேற்புப் பையன் அதற்குள் இடது பின் கதவில் இருந்த அம்புகளை உரிக்க ஆரம்பித்திருந்தான்.

"இத இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"பக்கத்துல நம்மளோட பழைய கார் கடை இருக்குல்ல மேடம், அங்க போயிடும்" என்றார் சூரியபிரகாஷ். பிரச்சினை முடிந்த சந்தோஷத்தில் மனுஷன் தாராளமாகப் பேசினார். "ரெண்டு மாசம்தான் ஓடியிருக்கு. உடனே போயிடும். வாங்கறவங்களுக்கு புது வண்டி மாதிரி."

"கதவு பெயின்ட் அடிச்சதுன்னு எழுதி வெச்சுதான் விப்பீங்களா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் யார் மேடம் கேக்கப் போறாங்க?"

விஜயகுமாரி பழைய வண்டியின் சாவியைப் பார்த்தாள். இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கேட்கமாட்டார்கள் என்று இவர் சொல்கிற அந்த ஆளை அவளுக்கு நன்றாகத் தெரியும். செகண்ட்ஸ் கார் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டு வருகிறவள். லைட் வெளிச்சத்தில் கண் கலங்கி நிற்கப் போகிறவள். நேராகப் போய்ப் பையனை விலக்கினாள். சாவியின் இரும்பை இடது பின் கதவில் வைத்து அழுத்தினாள். மேலிருந்து கீழே ஒரு நேர்க்கோடு. ஒரு வளைவு. ஒரு சாய்வுக் கோடு. கிறீச் என்று பல் கூசுகிற சத்தம். கை அகலத்துக்கு, பூசின பூச்செல்லாம் பொடிப்பொடியாக உதிர, உள்ளே தகரம் தெரிகிற ஆழத்துக்கு ஒரு 'ஆர்'.

"மேடம்! என்ன மேடம் பண்றீங்க! எங்க வண்டி மேடம்!" சூரியபிரகாஷ் கத்தினார்.

"கையெழுத்து போடற வரைக்கும் என் வண்டி சார்." அவள் சாவியைத் துடைத்து அவர் கையில் வைத்தாள். "எங்க லைன்ல ரிஜெக்ட்டுக்கு இத போடாம வெளிய அனுப்ப மாட்டோம். இது போட்ட செருப்பத்தான் சின்ன வயசுல நான் போட்டேன். யாரும் பார்க்கக் கூடாதுன்னு கவுத்து வெப்பேன். போட்டுக்கிட்டவளுக்கு அதுல இன்னா சார் வெக்கம்? கடைக்காரன் 'ஆர்' போட்டத 'ஆர்' சரக்கு வெலைக்கே வித்தான், ஏமாத்தாம வித்தான். நீங்களும் அப்படி வித்துக்குங்க."

பிறகு தாளை வாங்கி, பானெட் மேல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.